சிலையை உடைத்தவர்களும் சிலையை வணங்கியவர்களும்: முத்துக்குளித்துறையில் சமயச் சீர்திருத்தமும் சாதியும்

தூத்துக்குடியின் பழைய நகர்ப்பகுதியில் இரண்டு ஆலயங்கள் உள்ளன. ஒன்று, பரவர் சமூகத்தின் தாய்க்கோயிலாகக் கருதப்படும் பனிமய மாதா பேராலயம். மற்றொன்று, 18ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் எழுப்பிய திரித்துவ ஆலயம். முன்னதில் மாதாவின் திருவுருவம் பொன் தேரில் பவனி வருகிறது. பின்னதை எழுப்பியவர்களின் சமயமோ திருவுருவ வணக்கத்தையே பாவமென்று கற்பித்தது. ஐரோப்பாவை ஒன்றரை நூற்றாண்டுக் காலம் குருதியில் தோய்த்த கத்தோலிக்க, புராட்டஸ்டண்ட் மோதல், கடல் கடந்து இந்தக் கரைக்கும் வந்தது என்பதற்கு இவ்விரு கட்டடங்களும் சாட்சி.

அந்த மோதலின் வரலாற்றை ஐரோப்பியக் கதையாக மட்டுமே நம் பாடநூல்கள் சொல்கின்றன. லூதர் ஆணி அடித்தார், திருத்தந்தை சினந்தார், போர் மூண்டது என்பதோடு பாடம் முடிகிறது. தமிழ்க் கடற்கரையில் அம்மோதல் என்ன செய்தது, எதைச் செய்யாமல் விட்டது என்ற கேள்வி எழுப்பப்படுவதில்லை. தலித் கிறித்தவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி மறுக்கப்படும் இன்றைய சூழலில் இக்கேள்வி நமக்கு அவசியமானது. ஏனெனில், அம்மறுப்பு முழுவதும் ஒற்றை வாக்கியத்தின் மீது நிற்கிறது: 'கிறித்தவத்தில் சாதி இல்லை.' இந்த வாக்கியம் இறையியலாக இருக்கலாம். வரலாறாக அது நிற்குமா என்பதை முத்துக்குளித்துறையிலிருந்து தொடங்கிப் பார்ப்போம்.

எதற்காகச் சண்டையிட்டார்கள்?

1517இல் செருமனியின் விட்டன்பர்க் நகரில் மார்ட்டின் லூதர் வெளியிட்ட 95 கூற்றுகள், பாவத் தண்டனைக் குறைப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்து எழுந்தவை. விரைவிலேயே விவாதம் அதைத் தாண்டியது. மனிதன் மீட்படைவது விசுவாசத்தாலா, செயல்களாலா? இறுதி அதிகாரம் வேதநூலுக்கா, திருச்சபைக்கா? குருவுக்கும் பொதுமக்களுக்கும் இடையே ஆன்மிக வேறுபாடு உண்டா? திருவுருவங்களும் புனிதர் வணக்கமும் தகுமா? இவையே மையக் கேள்விகள். கால்வினின் வழிவந்த சீர்திருத்தச் சபையினர் கடைசிக் கேள்வியில் மிகக் கடுமையாக இருந்தனர். 1566இல் நெதர்லாந்துப் பகுதியில் ஆலயம் ஆலயமாகச் சென்று திருவுருவங்களை உடைத்தனர். கத்தோலிக்கத் தரப்போ 1545 முதல் 1563 வரை திரெந்து நகரில் பொதுச்சங்கம் கூட்டித் தன் கோட்பாடுகளை உறுதிசெய்துகொண்டது.

எல்லா விசுவாசிகளும் குருக்களே என்று லூதர் சொன்னபோது, அதைக் கேட்ட உழவர்கள் அடுத்த கேள்வியைக் கேட்டார்கள். கிறித்து எல்லோரையும் மீட்டிருக்கிறார் என்றால் நாங்கள் ஏன் பண்ணையடிமைகளாக இருக்க வேண்டும்? 1525இல் தென்செருமானிய உழவர்கள் வெளியிட்ட பன்னிரு கோரிக்கைகளில் இந்த வாதம் வெளிப்படையாகவே இடம்பெற்றது. லூதர் அவர்கள் பக்கம் நிற்கவில்லை. ஆன்மாவின் விடுதலையை உடலின் விடுதலையாகத் திரித்துவிட்டார்கள் என்று சாடினார். கிளர்ச்சியை ஒடுக்குமாறு ஆட்சியாளர்களைத் தூண்டினார். பல்லாயிரம் உழவர்கள் கொல்லப்பட்டனர்.

ஆன்மாவில் சமத்துவம், உடலில் பழைய ஒழுங்கு என்ற இந்தப் பிரிப்பு, சமயச் சீர்திருத்தத்தின் தொடக்கத்திலேயே நிகழ்ந்துவிட்டது. அதைக் கத்தோலிக்கத் தரப்பு மறுக்கவுமில்லை. தமிழ் மண்ணில் பின்னர் நிகழ்ந்தவற்றைப் புரிந்துகொள்ள இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

சாதியாக நிகழ்ந்த மதமாற்றம்

விட்டன்பர்க் நிகழ்வுக்கு இருபது ஆண்டுகளுக்குள் முத்துக்குளித்துறை கத்தோலிக்கமாகியது. 1530களில் முத்துக்குளிப்பு உரிமை தொடர்பாகப் பரவர்களுக்கும் இசுலாமிய வணிகர்களுக்கும் இடையே கடும் மோதல் ஏற்பட்டது. பாதுகாப்புத் தேடிய பரவர் தலைவர்கள், ஜான் டி குரூஸ் என்ற மலையாளக் கரையைச் சேர்ந்த கிறித்தவ வணிகரின் வழிகாட்டுதலில் கொச்சிக்குச் சென்று போர்த்துகீசியரிடம் உதவி கேட்டனர். படைத்துணைக்கு ஈடாக ஞானத்தானம் ஏற்கப்பட்டது. 1537ஆம் ஆண்டு முடிவதற்குள் கரையோரப் பரவர் ஊர்கள் அனைத்தும் கத்தோலிக்க ஊர்களாயின. 1538இல் வேதாளைக் கடற்போரில் போர்த்துகீசியர் வென்றதும் முத்து வளத்தின் மீதான அவர்களது பிடி இறுகியது.

இங்கே மாறியவர்கள் தனித்தனி மனிதர்கள் அல்லர். ஒரு சாதி முழுவதும் தன் தலைவர்களின் முடிவால் மாறியது. சாதித் தலைவர், அவருக்குக் கீழ் ஊர்தோறும் பட்டங்கட்டிகள் என்ற அமைப்பு மதமாற்றத்தால் கலையவில்லை. முடிவெடுத்ததே அந்த அமைப்புதான் என்பதால் அது முன்னிலும் வலுப்பெற்றது. போர்த்துகீசிய அரசும் குருக்களும் அதன் வழியாகவே வரி தண்டினர், வழக்குத் தீர்த்தனர், வழிபாட்டை ஒழுங்குபடுத்தினர்.

1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தபோது இம்மக்களுக்குப் பெயரளவில்தான் சமயம் மாறியிருந்தது. செபங்களைத் தமிழில் மொழிபெயர்க்கச் செய்து, மனப்பாடமாக்கி, ஊர் ஊராகச் சென்று கற்பித்தார் அவர். இக்கரையின் மக்களைப் போர்த்துகீசிய அதிகாரிகள் கொள்ளையிடுவதைக் கண்டித்தும் கடிதங்கள் எழுதினார். அவருக்குப் பின் வந்த அன்றிக்கே அடிகளார் தமிழைக் கற்று, 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற நூலை அச்சேற்றினார். திரெந்துச் சங்கம் வலியுறுத்திய மறைக்கல்வி தமிழ் அச்சு எழுத்துகளில் வெளிவந்தது. ஐரோப்பியச் சமயப் போட்டி தமிழுக்குத் தந்த கொடைகளில் அச்சு நூல் முதன்மையானது என்பதை மறுக்க வேண்டியதில்லை.

திருவுருவ உடைப்பு கால்வினியர்களின் தனிவழக்கமும் அன்று. மதம் மாறிய சிறுவர்களைக் கொண்டு இந்துத் தெய்வ உருவங்களை உடைத்ததைச் சவேரியாரே மகிழ்ச்சியுடன் எழுதியிருக்கிறார். பிறரது தெய்வ உருவம் சிலை, தம்முடையது திருவுருவம் என்ற வேறுபாட்டின் மீது கத்தோலிக்கம் நின்றது. நூறாண்டு கழித்து வந்த டச்சுக்காரர்களின் பார்வையில் இரண்டுமே சிலைகள்தாம்.

1658: கும்பெனி வந்தது, சமயம் மாறவில்லை

கத்தோலிக்க ஸ்பெயினின் ஆட்சியை எதிர்த்து 1568 முதல் 1648 வரை போரிட்டு விடுதலை பெற்ற நாடு நெதர்லாந்து. 1580 முதல் 1640 வரை போர்த்துகலும் ஸ்பெயின் அரசரின் கீழ் இருந்ததால், போர்த்துகீசியரின் கீழைக் கடல் வணிகம் டச்சுக்காரர்களுக்குப் பகைவனின் உடைமையாகத் தெரிந்தது. 1602இல் தொடங்கப்பட்ட டச்சுக் கிழக்கிந்தியக் கும்பெனி அந்த உடைமைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கைப்பற்றியது. 1641இல் மலாக்கா, 1658இல் தூத்துக்குடி, மன்னார், யாழ்ப்பாணம், 1663இல் கொச்சி எனப் பட்டியல் நீண்டது.

யாழ்ப்பாணத்தில் நடந்ததையும் தூத்துக்குடியில் நடந்ததையும் ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். யாழ்ப்பாணத்தில் டச்சுக் கும்பெனி ஆட்சியாளராக இருந்தது. கத்தோலிக்கக் குருக்களுக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரணதண்டனை என்று 1658இலேயே ஆணை பிறப்பித்தது. கத்தோலிக்க ஆலயங்களைச் சீர்திருத்தச் சபையின் ஆலயங்களாக மாற்றியது. அரசுப் பதவி வேண்டுவோர் அச்சபையில் ஞானத்தானம் பெற வேண்டியிருந்தது. பல்லாயிரக்கணக்கானோர் பதிவேட்டில் புராட்டஸ்டண்டுகளாகவும் வீட்டில் கத்தோலிக்கர்களாகவோ சைவர்களாகவோ வாழ்ந்தனர். 1687இல் கோவாவைச் சேர்ந்த ஜோசப் வாஸ் அடிகளார் எளிய கூலியாளின் கோலத்தில் தூத்துக்குடி வழியாகவே இலங்கைக்குள் நுழைந்து மறைவாகப் பணியாற்ற வேண்டியிருந்தது.

தூத்துக்குடியில் கும்பெனிக்கு அத்தகைய இறையாண்மை இல்லை. நிலம் மதுரை நாயக்கருடையது. கும்பெனி உடன்படிக்கையின் பேரில் வணிகம் செய்யும் தரப்பு மட்டுமே. குருக்களை நகரிலிருந்து வெளியேற்ற முடிந்தது. ஆலயங்களைக் கைப்பற்ற முடிந்தது. ஆனால் மக்கள் நகருக்கு வெளியே சென்று திருப்பலியில் பங்கேற்பதைத் தடுக்க முடியவில்லை. இதைவிட வலுவான காரணம் முத்து. மூச்சடக்கி மூழ்கும் திறனுள்ள மனிதர்களும் படகுகளும் இல்லாமல் முத்துக்குளிப்பு இல்லை. அவர்கள் கரையைவிட்டு அகன்றால் கும்பெனியின் வருவாய் அகலும். சமயத்தைத் திணித்து வருவாயை இழக்க வணிகர்கள் விரும்பவில்லை.

டச்சுப் போதகர் பல்தேயஸ் 1672இல் வெளியிட்ட தம் நூலில், பரவர்கள் உரோமைச் சமயத்தைவிட்டு அசையாமல் இருப்பதை மனக்குறையுடன் பதிவு செய்கிறார். இயேசு சபைக் குரு ஒருவரின் கடிதமோ சுவையான நிகழ்ச்சி ஒன்றைச் சொல்கிறது. பத்தாவியாவிலிருந்து வந்த போதகர் பரவர்களைச் சீர்திருத்தச் சபைக்கு அழைத்தாராம். சவேரியார் இக்கரையில் இறந்தோரை எழுப்பினார், நோயாளிகளைக் குணமாக்கினார், நீங்கள் அவரைவிட அதிகமான புதுமைகளைச் செய்து காட்டுங்கள், பிறகு பேசுவோம் என்று சாதித் தலைவர் விடையளித்தாராம். கத்தோலிக்கத் தரப்பின் கதை என்பதை மறக்காமல் இதை வாசிக்க வேண்டும். ஆயினும், பேச்சு வார்த்தை யாருடன் நடந்தது என்பதைக் கவனியுங்கள். போதகர் சாதித் தலைவரிடம் பேசுகிறார். சாதித் தலைவர் அனைவருக்குமாக விடை சொல்கிறார்.

1555இல் ஆக்ஸ்பர்க் உடன்படிக்கை, ஆளுபவரின் சமயமே ஆளப்படுவோரின் சமயம் என்ற நெறியை ஐரோப்பாவில் நிலைநாட்டியது. முத்துக்குளித்துறையில் அரசர் இந்து, வணிக அதிகாரம் புராட்டஸ்டண்ட், மக்கள் கத்தோலிக்கர். இங்கே சமயத்தை முடிவு செய்தது அரசு அன்று, சாதி. 1713இல் டச்சு அதிகாரம் நிலவிய காலத்திலேயே பனிமய மாதா ஆலயம் புதிதாகக் கட்டப்பட்டதும், 1806இல் சாதித் தலைவரின் முயற்சியால் பொன் தேர் ஓடியதும் இந்த வெற்றியின் அடையாளங்கள்.

அது வெற்றிதான். அயல் நாட்டுக் கும்பெனியின் சமயத் திணிப்பை உழைக்கும் கடற்கரைச் சமூகம் ஒன்று முறியடித்த வரலாற்றை நாம் மதிக்க வேண்டும். அதே வேளையில் அந்த வெற்றியின் விலையையும் பார்க்க வேண்டும். சாதித் தலைமை திருச்சபையின் தூணாயிற்று. பரவர் சமூகத்துக்குள்ளேயே மேசைக்காரர் எனப்பட்ட செல்வர்களுக்கும், கடலில் உழைத்த எளியவர்களுக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வு, திருவிழா மரியாதைகளிலும் ஆலய உரிமைகளிலும் பதிந்தது. மனச்சான்றின் சுதந்திரத்துக்காக எண்பது ஆண்டுகள் போரிட்ட நாட்டின் கும்பெனியோ, 1659 முதல் 1661 வரை தஞ்சைப் பகுதியைப் போரும் பஞ்சமும் வாட்டியபோது சோழமண்டலத் துறைமுகங்களில் மனிதர்களை அடிமைகளாக விலைக்கு வாங்கிக் கப்பலேற்றியது. உருவ வணக்கத்தைப் பாவமென்ற சமயத்தின் வணிகர்களுக்கு மனித விற்பனை கணக்கேட்டில் ஒரு வரவாக மட்டுமே தெரிந்தது.

மதுரையில் இரண்டு ஆலயங்கள்

கரையில் தொடங்கிய கிறித்தவம் உள்நாட்டுக்கு நகர்ந்தபோது சாதிச் சிக்கல் வெளிப்படையாயிற்று. மதுரையில் பரவர்களுக்காகக் குரு ஒருவர் பணியாற்றி வந்தார். 1606இல் அங்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, உயர்சாதியினர் கிறித்தவத்தைப் 'பரங்கி மார்க்கம்' என்று இகழ்வதைக் கண்டார். தீர்வாக, அந்தக் குருவிடமிருந்தும் பரவர்களிடமிருந்தும் விலகித் தனிக்குடில், தனி ஆலயம் அமைத்துக்கொண்டார். துறவியின் கோலம் பூண்டார். பூணூலும் குடுமியும் குலவழக்கங்கள், சமயக் குறிகள் அல்ல என்று வாதிட்டார். 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அவற்றை அனுமதித்தார். 1640 முதல், ஒடுக்கப்பட்ட சாதியினருக்கெனப் 'பண்டாரசாமிகள்' என்ற தனிவகைக் குருக்கள் ஏற்பட்டனர். சாதிக்கொரு குரு என்ற ஏற்பாடு இவ்வாறு பிறந்தது.

இதைக் கத்தோலிக்கத் திருச்சபைக்குள்ளேயே எதிர்த்தவர்கள் இருந்தனர். 1704இல் உரோமையின் தூதர் துர்னோன் புதுச்சேரியில் வெளியிட்ட ஆணையில், நோயுற்ற பறையர்களின் இல்லங்களுக்குள் சென்று குருக்கள் அருட்சாதனம் வழங்க வேண்டும் என்று கட்டளையிட்டார். இன்று படிக்கும்போது இது எளிய மனிதநேயக் கட்டளை. அன்றோ இதற்கு எதிராகப் பல்லாண்டுகள் முறையீடுகள் நடந்தன. 1744இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் மலபார்ச் சடங்குகள் பற்றிய இறுதி முடிவை அறிவித்தபோது, பறையர்களுக்கெனத் தனி மறைப்பணியாளர்களை ஒதுக்கும் சமரசம் ஏற்கப்பட்டது. சாகும் தறுவாயில் இருக்கும் மனிதனின் வாசற்படியைத் தாண்டலாமா என்பது உலகத் திருச்சபையின் தலைமையகத்தில் நாற்பது ஆண்டுகள் வழக்காக நடந்தது என்ற உண்மையை, 'கிறித்தவத்தில் சாதி இல்லை' என்போர் முன் வைக்கலாம்.

இராசநாயக்கன் எங்கே போவார்?

கால்வினியம் முத்துக்குளித்துறையில் தோற்றது. லூதரின் சமயம் அதன் வடக்கே வேரூன்றியது. 1706இல் டேனியக் குடியேற்றமான தரங்கம்பாடிக்குச் சீகன்பால்கு வந்தார். அவரது தமிழ்ப் புதிய ஏற்பாடு 1714, 1715ஆம் ஆண்டுகளில் அச்சாயிற்று. வேதநூலை மக்கள் தம் மொழியில் தாமே படிக்க வேண்டும் என்ற சீர்திருத்தக் கொள்கை தமிழில் செயலுக்கு வந்தது.

அந்நூலைப் படித்து மாறியவர்களில் ஒருவர் இராசநாயக்கன். தஞ்சை அரசின் படையில் பணியாற்றியவர்; பறையர் சமூகத்தவர்; கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். 1720களின் இறுதியில் அவர் லுத்தரன் சபைக்கு வந்து வேதியராகப் பணியாற்றத் தொடங்கினார். இதற்காகக் கத்தோலிக்கத் தரப்பின் கடும் பகையை அவரும் அவர் குடும்பத்தாரும் எதிர்கொண்டனர். ஐரோப்பாவின் சமயச் சண்டை தஞ்சையில் ஒரு தலித் குடும்பத்தின் வாசலுக்கே வந்தது.

அவ்வளவு விலை கொடுத்து வந்தவருக்குப் புதிய சபை என்ன கொடுத்தது? 1733இல் முதல் தமிழ் லுத்தரன் குருவாக அருட்பொழிவு பெற்றவர் வேளாளரான ஆரோன். உழைப்பாலும் தகுதியாலும் முன்னிலையில் இருந்த இராசநாயக்கன் குருவாக்கப்படவில்லை. பறையர் கையிலிருந்து திருவிருந்தைப் பெற உயர்சாதிக் கிறித்தவர்கள் உடன்பட மாட்டார்கள் என்பதே காரணம். தரங்கம்பாடி ஆலயத்துக்குள்ளும் சாதிவாரியாகத் தனித்தனி இருக்கை இருந்தது. எல்லா விசுவாசிகளும் குருக்களே என்ற லூதரின் முழக்கத்தில் இராசநாயக்கன் அடங்கவில்லை.

ஆக, இரு திருச்சபைகளும் இயேசுவின் தாயைப் பற்றியும் திருவிருந்து அப்பத்தைப் பற்றியும் அதிகாரத்தைப் பற்றியும் ஒன்றையொன்று சாடின. சாதியைக் கையாண்ட முறையில் மட்டும் இரண்டும் ஏறத்தாழ ஒரே ஏற்பாட்டுக்கு வந்து சேர்ந்தன: தனி வரிசை, தனிக் குரு, தனிக் கல்லறை.

சுவர் இடிந்த இடம்

19ஆம் நூற்றாண்டில் புராட்டஸ்டண்ட் தரப்பில் மாற்றம் தொடங்கியது. 1833இல் ஆங்கிலிக்கன் ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடுகளை உடனே முழுமையாகக் கைவிடுமாறு கடிதம் எழுதினார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் வேளாளக் கிறித்தவர்கள் கொதித்தெழுந்தனர். 1850இல் சென்னை மறைப்பணியாளர் மாநாடு, சாதியைத் துறக்காதவருக்கு ஞானத்தானம் இல்லை என்று தீர்மானித்தது. லைப்சிக் லுத்தரன் சபை அதை ஏற்காமல் சாதிக்கு இடம் கொடுத்தது. அதிருப்தியுற்ற உயர்சாதியினர் அங்கே போனார்கள். சபைகளுக்கிடையிலான போட்டி சாதிக்குப் புகலிடமாகவும் பயன்பட்டது என்பதை இது காட்டுகிறது.

கத்தோலிக்கத் தரப்பில் திருப்புமுனை, இன்று தூத்துக்குடி மறைமாவட்டத்தில் இருக்கும் வடக்கன்குளத்தில் நிகழ்ந்தது. அங்கே வேளாளருக்கும் நாடாருக்கும் தனித்தனிப் பகுதிகள் கொண்டதாக ஆலயமே இரு கால்களாகப் பிரித்துக் கட்டப்பட்டிருந்தது. 1910ஐ ஒட்டி, குரு கௌசானல் அடிகளார் அந்தத் தடுப்பை அகற்றினார். வேளாளக் கிறித்தவர்கள் நீதிமன்றம் சென்றனர். தனியிடம் தங்கள் உரிமை என்ற அவர்களது கோரிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் இறுதியில் ஏற்க மறுத்தது. கிறித்தவ ஆலயத்தில் சாதித் தனிமையைச் சட்ட உரிமையாகக் கோர முடியாது என்பது அத்தீர்ப்பின் விளைவு.

'கிறித்தவத்தில் சாதி இல்லை' என்ற கொள்கை அங்கே சுவரை இடிக்கும் கடப்பாரையாகப் பயன்பட்டது. அடுத்த நாற்பது ஆண்டுகளுக்குள் அதே வாக்கியம் சுவராக மாறியது.

கடப்பாரை சுவரான கதை

1950ஆம் ஆண்டின் அரசமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதியினர் ஆக மாட்டார் என்றது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவர்களும் இசுலாமியர்களும் இன்றும் வெளியே நிற்கின்றனர். ஆணை வெளிவந்த சில ஆண்டுகளிலேயே இது சென்னை உயர் நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளானது. கிறித்தவம் சாதியை ஏற்காத சமயம், எனவே மதம் மாறியவர் பொதுவாகச் சாதியை இழக்கிறார் என்று நீதிமன்றம் விடையளித்தது.

இழப்பு இடஒதுக்கீட்டோடு முடிவதில்லை. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பட்டியல் சாதி என்ற சொல்லுக்கு அரசமைப்பின் வரையறையையே பின்பற்றுகிறது. எனவே தலித் கிறித்தவர் ஒருவர் தன் சாதிக்காகத் தாக்கப்பட்டால் அச்சட்டத்தின் பாதுகாப்பு அவருக்கு இல்லை. தாக்குபவருக்கு அவரது சாதி தெரிகிறது, சட்டத்துக்குத் தெரிவதில்லை. தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்படுகிறார்; அப்பட்டியல் கல்வி, வேலைக்குப் பயன்படும், தீண்டாமைக்கு எதிராகப் பயன்படாது.

பட்டியலின் முரண்களுக்கு முத்துக்குளித்துறையே இன்னொரு சான்று. 'பரவன்' என்ற பெயர், முன்னாள் திருவிதாங்கூர்ப் பகுதிகளான கன்னியாகுமரி மாவட்டத்திலும் செங்கோட்டை வட்டத்திலும் பட்டியல் சாதி. தூத்துக்குடியில் மிகப் பிற்படுத்தப்பட்டோர். கன்னியாகுமரியிலும் கிறித்தவராக இருந்தால் பட்டியல் தகுதி கிடையாது. ஒரே கரையில், ஒரே பெயருக்கு, மாவட்ட எல்லையும் ஞானத்தானப் பதிவேடும் சேர்ந்து மூன்று சட்ட நிலைகளை உருவாக்குகின்றன.

1985இல் சூசை வழக்கில் உச்ச நீதிமன்றம் சற்று வேறு வழியில் சென்றது. சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்து வந்த ஆதிதிராவிடக் கிறித்தவர் ஒருவர், அரசு வழங்கிய பெட்டிக்கடை தமக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்துத் தொடுத்த வழக்கு அது. மதம் மாறிய பின்னும் சாதி தொடரக்கூடும் என்பதை நீதிமன்றம் அடியோடு மறுக்கவில்லை. புதிய சமயச் சூழலிலும் அந்த இழிவு ஒப்பிடத்தக்க கடுமையுடன் தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று முன்வைக்கப்படவில்லை என்று கூறி மனுவைத் தள்ளுபடி செய்தது. அதாவது, கேள்வி இறையியலிலிருந்து மெய்ம்மைக்கு நகர்ந்தது; சான்றுதான் கேட்கப்பட்டது.

2007இல் நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மூன்றாம் பத்தியை நீக்கப் பரிந்துரைத்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தலித் கிறித்தவர்களுக்குத் தகுதி கோரித் தீர்மானம் இயற்றியது. 2022 அக்டோபரில் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் புதிய ஆணையம் அமைக்கப்பட்டது. இதற்கிடையே 2024 நவம்பரில் செல்வராணி வழக்கில், கிறித்தவத்தைப் பின்பற்றிக்கொண்டே இடஒதுக்கீட்டுக்காக இந்து என்று கூறுவது அரசமைப்பின் மீதான மோசடி என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அச்சொல் வலியைத் தருவது. ஆனால் அதன் பின்னிருக்கும் நெருக்கடியை நாம் பெயரிட வேண்டும். தன் விசுவாசத்தை மறைத்தால்தான் தன் சாதியை நிறுவ முடியும் என்ற நிலையைப் படைத்தது மூன்றாம் பத்தி. யாழ்ப்பாணத்தில் டச்சுப் பதிவேட்டுக்கு ஒரு சமயமும் வீட்டுக்கு ஒரு சமயமும் என்று மக்களை வாழவைத்த அதே வகைச் சட்டம் இது.

நாம் செய்யக்கூடியது

இந்த வரலாற்றிலிருந்து இரண்டு வேலைகள் நமக்கு எழுகின்றன.

முதலாவது, சான்று திரட்டுதல். கல்லறைத் தோட்டங்களில் யார் எங்கே புதைக்கப்படுகிறார்கள், தேர் எந்தத் தெருவில் திரும்பிவிடுகிறது, திருவிழா மண்டகப்படி யாருக்கு உண்டு, பங்குப் பேரவையில் யார் இருக்கிறார்கள், திருமணப் பதிவேட்டில் சாதி கடந்த மணங்கள் எத்தனை? இவை பார்த்தும் எண்ணியும் எழுதக்கூடியவை. ஊரின் பெயர், நாள், நிழற்படம், இருவரது கையொப்பமிட்ட வாக்குமூலம் என்ற வடிவில் பதிவு செய்தால், சூசை வழக்கு கேட்ட சான்றாக அவை நீதிமன்றத்திலும் ஆணையத்தின் முன்பும் நிற்கும். விழுப்புரம் பகுதியின் எறையூரில் 2008இல் நடந்த மோதல் செய்தியானது. செய்தியாகாத நூறு ஊர்களின் அன்றாடம்தான் வழக்கை வெல்லும். கல்லூரி மாணவர்கள் விடுமுறையில் தம் சொந்தப் பங்கிலிருந்தே இதைத் தொடங்கலாம்.

இரண்டாவது, திருச்சபைகளையும் விடாமல் கேள்வி கேட்பது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. அந்த ஒப்புதல் முக்கியமான ஆவணம். தில்லியில் பட்டியல் தகுதி கோரும் திருச்சபை, தன் கல்லறைச் சுவரைத் தானே இடிக்கத் தயங்கினால் அக்கோரிக்கை வலுவிழக்கும். சுவர் இருப்பதைச் சான்றாகக் காட்டுவதும், அதை இடிக்கக் கோருவதும் முரண்பட்டவை அல்ல. நோயைச் சான்றிதழில் எழுதும் மருத்துவரே சிகிச்சையும் செய்கிறார்.

சிலையை உடைத்தவர்களும் சிலையை வணங்கியவர்களும் இக்கரையில் கடுமையாக மோதினார்கள். இருவரது ஆலயங்களும் இன்றும் நிற்கின்றன. அவர்கள் தொடாமல் விட்டுச்சென்ற கேள்விக்கு, உடலில் சமத்துவம் எப்போது என்ற இராசநாயக்கனின் கேள்விக்கு, விடை தேடும் பொறுப்பு நம்மிடம் வந்திருக்கிறது. மூன்றாம் பத்தியின் நீக்கம் அந்த விடையின் முதல் வரி.